மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு பூனை

நன்னிலம் கடைத்தெருவில் யாரையாவது நிறுத்திக் கால்நடை மருந்தகம் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பார்கள். மாட்டாஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள், பேச்சே இல்லாமல் கை நீளும்.

அந்த மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு மாசி மாதக் காலையில் கட்டைப்பைக்குள் எங்கள் கடுவன் பூனை பட்டாணியை வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். சினை ஊசிக்கு இரண்டு பசு, கழிச்சலுக்கு ஒரு ஆட்டுக்குட்டி, அப்புறம் நான். ஆட்டுக்குட்டிக்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, கோழியா?"

"பூனைங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்னா பண்ணுது?" என்றார்.

"ரெண்டு நாளா முக்கிக்கிட்டே இருக்கு. வெளிக்கி வரல."

உள்ளே, பட்டாணியின் அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டதுமே டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இது மலச்சிக்கல் இல்லம்மா. மூத்திரம் அடைச்சிருக்கு. பை கல்லு மாதிரி இருக்கு பாருங்க."

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், மலச்சிக்கல்தான் என்று முடிவுகட்டி ஒரு சங்கு விளக்கெண்ணெய் புகட்டியிருந்தார். அவரைச் சொல்லி என்ன, பட்டாணியின் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். டாக்டர் அடைப்பை எடுக்க ஆனமட்டும் பார்த்தார். அன்று ராத்திரி பட்டாணி போய்விட்டான். கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடுவன் பூனைக்கு மூத்திரக்குழாயின் நுனி மிகவும் குறுகல். மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நிற்கும். ஒன்று இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். பெட்டைப் பூனைக்கு இது அபூர்வம். ஆக, கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்குகிறது, ஒரு சொட்டு வருகிறது அல்லது வரவில்லை, அடிக்கடி அந்த இடத்தை நக்குகிறது என்றால் விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள், கட்டைப்பையைத் தேடுங்கள். விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக்கூடாது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. டாக்டர் அன்று ஒரு கேள்வி கேட்டார்: "சாதாரணமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போவும்?"

எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் என் மடியில் தூங்கியவன். பால்காரருக்கு ஐப்பசியில் எத்தனை லிட்டர் பாக்கி என்பது தெரியும், இது தெரியாது.

நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்து வைக்காதவருக்கு, நல்லா இல்லாததும் கண்ணில் படாது. நாய்க்கும் பூனைக்கும் வலியை மறைக்கிற சுபாவம். அதிலும் பூனை பெரிய கள்ளி. தான் வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, தன்னைவிடப் பெரியதற்கு இரையும்கூட என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நொண்டினால் ஆந்தையோ நாயோ பார்த்துவிடும். அதனால் நொண்டாது. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கும், பீரோவுக்குப் பின்னால் போய்ப் படுக்கும், பரணுக்குத் தாவுகிறது அம்மிமேடையோடு நின்றுகொள்ளும். அவ்வளவுதான் அது கொடுக்கிற தகவல்.

அந்தப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இப்போது வேறு கணக்கும் போகிறது. மணி (நாய், எட்டு வயது, ஊர் ஜாதி), வர்ணம் (மூன்று நிறப் பூனை, மூன்று நிறம் என்றாலே அநேகமாகப் பெட்டைதான், அது மரபணுக் கணக்கு). இரண்டும் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுகிறேன். நாயோ பூனையோ, ஆழ்ந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். தூக்கத்திலேயே திரும்பத் திரும்ப எண்ணியும் முப்பதைத் தாண்டினால் இதயத்திலோ நுரையீரலிலோ ஏதோ இருக்கலாம். நாய் வெயிலில் ஓடிவந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது வேறு. அது அதற்கு வியர்வை. பூனை வாயைத் திறந்து இரைத்தால் அதை அப்படி விட்டுவிடக்கூடாது, உடனே கிளம்ப வேண்டிய சங்கதி.

எடை பார்க்கத் தெரிந்தவர் ஒருவரின் உரக்கடைக்குப் போவேன். மணியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்துக்கொள்வேன். என் எடையைக் கடைப்பையன் சத்தமாகப் படிப்பதுதான் ஒரே சங்கடம்.

மூக்கு ஈரமா காய்ந்ததா என்று பார்த்துக் காய்ச்சல் சொல்வதை விட்டுவிட்டேன். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்பதும் தப்பு, அவற்றின் சாதாரண உடம்புச் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நமக்குப் போர்வை போர்த்துகிற சூடு அதற்கு ஆரோக்கியம்.

இதையெல்லாம்விட நான் நம்புவது ஈறை. மேலுதட்டைக் கொஞ்சம் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்த இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பு, மணிக்கும் அப்படித்தான். அப்போது கீழ்க்கண் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். நல்ல நாளில் நாலு தடவை பார்த்துப் பழகிவிட்டால் கெட்ட நாளில் கண் தானாகச் சொல்லும்.

சொல்லியது. போன வருஷம் குறுவை அறுப்பு நேரம், மணி திண்ணையை விட்டு இறங்கவில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "வயசாயிட்டுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பு. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது.

உண்ணிக்காய்ச்சல். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு உண்ணி, கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமியைச் செலுத்துகிறது. டெங்குவில் நமக்குக் குறைகிறதே தட்டணு, அதேதான் நாய்க்கும் குறைகிறது. அதனால்தான் மூக்கில் ரத்தம். டாக்டர் டாக்சிசைக்ளின் 28 நாள் எழுதிக்கொடுத்தார். ஐந்தாம் நாளே மணி வாலாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். பலபேர் அந்த இடத்தில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். இன்னொன்று, நான் முதல் இரண்டு நாள் மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தேன். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். டாக்டர் சொன்னபின் ரசஞ்சாதத்துக்கு மாறினேன், வெங்காயம் பூண்டு இல்லாத ரசம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை. பூனைக்கு இன்னும் மோசம்.

உண்ணியைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவதோடு வேலை முடியாது. ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர், திண்ணை இடுக்கு, ஓட்டுக்கூரைச் சட்டம், எங்கள் வீட்டில் அதற்கு அரண்மனை. நாய்க்கு மருந்து போடும் அன்றே வெடிப்புகளையும் அடைத்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பலவற்றில் பெர்மெத்ரின் கலந்திருக்கும், பூனைக்கு அது வலிப்பு வரவைக்கும் விஷம். அதேபோல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் அரை மாத்திரை. பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கும் வழியே சரியாக இல்லை. ஈறு சாக்லேட் நிறமாக மாறி மூச்சுத் திணறிச் சாகும். பாசத்தில் கொல்வது என்பது இதுதான்.

காவிரி டெல்டாவில் நாய் வளர்ப்பதற்கும் சென்னை அடுக்குமாடியில் வளர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எலி. முடிகொண்டான் ஆற்றுப் பக்கம் வயலுக்குப் போனால் வரப்பு முழுக்க வளை. மணி அதில் மூக்கை நுழைக்காமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கும் மனிதருக்கு எலிக்காய்ச்சல் வருவது நமக்குத் தெரியும். நாய்க்கும் அதே லெப்டோஸ்பைரா வரும். வாந்தி, உடம்புவலி, பிறகு கண்ணும் ஈறும் மஞ்சள். மஞ்சள் கண்டால் நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், அதிலிருந்து நமக்கும் தொற்றும். தடுப்பூசி உண்டு, வருஷா வருஷம் போட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டுவிடுவது என் வழக்கம்.

எலி மருந்து இன்னொரு கதை. துத்தநாக பாஸ்பைடு என்கிற அந்தக் கறுப்புப் பொடியைப் பொரியில் எண்ணெய் விட்டுப் பிசறி வளையோரம் வைக்கிறார்கள். தின்ற நாயின் வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். பூண்டு அழுகியது போல நாற்றம் வரும். அந்த நேரத்தில் பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும், ஆகவே எதையும் புகட்டாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வாகனத்தின் கண்ணாடியைத் திறந்துவைத்து. அந்த வாயு நமக்கும் ஆகாது. கடையில் விற்கும் கட்டி மருந்து, புரோமடியோலோன், வேறு மாதிரி. தின்ற அன்று நாய் ஜோராக இருக்கும். மூன்று நாலு நாள் கழித்து ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசியும். அதற்கு வைட்டமின் கே1 முறிவு உண்டு, சீக்கிரம் போனால் பிழைக்கும். எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிவதற்காக மருந்து சுற்றியிருந்த காகிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். செத்த எலியைத் தின்றாலும் இந்த ஆபத்து உண்டு.

எங்கள் வயலுக்கு எலி பிடிக்க வரும் தாத்தா மருந்தே வைப்பதில்லை. மூங்கிலை வில்லாக வளைத்த கிட்டிதான். வேளாண் துறைக்காரர்களே இதைத் தஞ்சாவூர் கிட்டி என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். "மருந்து வச்சா நாயும் சாவும், ஆந்தையும் சாவும், அப்புறம் எலியை யாரு பிடிக்கிறது?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல.

எலி என்றதும் பூனை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அத்தை பிறந்தது அக்ரஹாரத்து வீட்டில். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பூனைகள் தயிர்சாதம் தின்றே வாழ்ந்தன என்பார். "மீன் கேட்டுச்சா, கறி கேட்டுச்சா? பதினஞ்சு வருஷம் இருந்துச்சு" என்று என்னை மடக்குவார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பூனைக்குக் கண்ணும் இதயமும் இயங்க டாரின் என்ற ஒரு சத்து வேண்டும். நாய் அதைத் தன் உடம்புக்குள்ளேயே பெருமளவு தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அரிசியில் அது கிடையாது, தயிரில் இருப்பது பேருக்கு. டாரின் குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும் என்று 1975-லேயே தெரிந்துவிட்டது. இதயம் வீங்கிச் சாவதற்கும் அதுவே காரணம் என்று கலிபோர்னியாவில் பால் பயான் என்ற கால்நடை மருத்துவர் 1987-இல் காட்டினார். அதன்பிறகுதான் உலகம் முழுக்கப் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டினார்கள்.

அப்படியானால் அக்ரஹாரத்துப் பூனை எப்படிப் பதினைந்து வருஷம் இருந்தது? அந்த வீட்டில் பத்தாயம் இருந்தது. பத்தாயத்தில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி வந்தது. தயிர்சாதம் தின்பதை வீட்டார் பார்த்தார்கள். ராத்திரி நடந்த சாப்பாட்டை யாரும் பார்க்கவில்லை. பூனை மனிதனோடு சேர்ந்ததே தானியக் களஞ்சியத்து எலிக்காகத்தான். சைப்ரஸ் தீவில் மனிதனோடு சேர்த்துப் புதைத்த ஒரு பூனையின் எலும்பு 9,500 வருஷத்துக்கு முந்தையது. வேளாண்மை தொடங்கிய காலம் அது.

இன்று எங்கள் தெருவில் பத்தாயம் இல்லை. அறுவடை இயந்திரம் அறுத்த நெல் களத்திலிருந்தே நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. சமையலறைக்கு வலை அடித்தாகிவிட்டது. வெளியே விட்டால் நாய் கடிக்கும் என்று பூனையை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். தயிர்சாதம் மட்டும் பழையபடி தொடர்கிறது. பாதிச் சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டு மீதிப் பாதியை வைத்துக்கொண்டு மரபு என்கிறோம். வர்ணத்துக்கு இப்போது காரைக்கால் பக்கமிருந்து கூடையில் வரும் மத்தியோ, கோழி ஈரலும் இதயமும் கொஞ்சமோ, உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுக்கிறேன். வேகவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது, டாரின் அதில்தான் கரைந்திருக்கும். மரக்கறி வீட்டார்கள் கடைத்தீனியை வாங்கலாம், தட்டைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அத்தை இன்னும் மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறார், ஆனால் தட்டைக் கழுவி வைப்பதும் அவர்தான். இன்னொரு வேடிக்கை: பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதற்கான மரபணு வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். பாயசத்தை நக்குகிறதே என்றால் அது பாலின் கொழுப்புக்காக.

குணத்தைப் படிப்பதில்தான் நாம் ரொம்பத் தப்புப் பண்ணுகிறோம். அத்தையின் செருப்பை மணி கடித்துக் குதறிவிட்டான். அத்தை கம்போடு வர, அவன் காதை மடக்கி, கண்ணை ஓரம் திருப்பி, வாலை ஒடுக்கி நின்றான். "பாரு, செஞ்ச தப்பு தெரியுது இவனுக்கு!" அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நாய் ஆராய்ச்சியாளர் 2009-இல் இதையே சோதித்தார். தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான் வந்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை, திட்டுகிறவரின் முகத்துக்குப் பயம். நாலு மணி நேரம் முன்பு கடித்த செருப்புக்கு இப்போது அடித்தால் அதற்குப் புரிவது ஒன்றுதான்: அத்தை திண்ணைக்கு வந்தால் அடி விழும்.

புல் தின்றால் வயிறு சரியில்லை என்பதும் அப்படித்தான். கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடைக் கல்லூரியில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், புல் தின்பதற்கு முன் நோயாக இருந்தவை பத்துக்கு ஒன்றுகூட இல்லை. பூனை கர்கர் என்று உறுமினால் சந்தோஷம் என்கிறோம். வலியிலும் பிரசவத்திலும்கூட அது அப்படி உறுமும். பட்டாணி அந்தக் கட்டைப்பைக்குள் வழியெல்லாம் உறுமிக்கொண்டே வந்தான். நான் ஆறுதலாக நினைத்தேன்.

மார்கழியில் கூடிய தெருநாய்கள் அறுபத்து மூன்று நாள் கழித்து மாசியில் குட்டி போடும். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைப் புலிக்குட்டியோடு ஒரே வரிசையில் வைத்துக் குருளை என்கிறது. பங்குனி, சித்திரையில் அந்தக் குருளைகளுக்குத் தாய்ப்பாலின் காப்பு தீர்ந்துபோகும், பார்வோ புகுந்துவிடும். 1978-இல் உலகத்துக்குத் தெரியவந்த வைரஸ். நாற்றமடிக்கும் ரத்தக்கழிச்சல், வாந்தி, இரண்டு மூன்று நாளில் குட்டி சுருண்டுவிடும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் பவுடருக்குத்தான் சாகும். ஒரு குட்டி பார்வோவில் செத்த கொல்லையில் ஊசி போடாத அடுத்த குட்டியை உடனே கொண்டுவந்து விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. ஒரே ஊசியோடு நிறுத்துவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

நம் மாட்டாஸ்பத்திரியில் முடியாததற்கு இப்போது ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் வந்தது. 1903-இல் சென்னை வேப்பேரி, 1985-இல் நாமக்கல், அதற்கப்புறம் டெல்டாவுக்கு இவ்வளவு காலம் ஆனது. திருவாரூர், மன்னார்குடி தாண்டிப் போக வேண்டும், ஆனாலும் போகிற தூரம்தான்.

கடைசியாக வெறிநோய். வெறிபிடித்த நாய் என்றால் எல்லாரையும் துரத்திக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். சாதுவாக வருகிற வகை இன்னும் பொல்லாதது. நாய் மூலையில் போய்ப் படுக்கும், குரல் மாறும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் தவிக்கும். பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். எலும்பை எடுக்கிறேன் என்று கையை விடாதீர்கள். எச்சிலில்தான் வைரஸ் இருக்கிறது. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காப்பித்தூளும் வைக்காதீர்கள். பிறகு நேரே அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி வந்துவிட்ட மனிதரைக் காப்பாற்ற இன்றைக்கும் மருந்து இல்லை.

உங்கள் நாய்க்கு மூன்று மாதம் ஆகியிருந்தால், வெறிநோய் ஊசி போட்ட தேதியைப் போய்ப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் நாளைக்கே கிளம்புங்கள். பூனை இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வாசலில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.